ஆறு மணி விளக்கு, டெல்லியில்

ஜூன் 17, சென்னை

இன்று இரவு தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். அம்மாவும் நானும் டெல்லிக்கு, அக்கா வீட்டுக்குப் போகிறோம். அக்கா கல்யாணமாகி அங்கே போய்ப் பத்தொன்பது வருடம் ஆகிறது. அம்மா இதற்கு முன் இரண்டு தடவை போயிருக்கிறாள், இரண்டும் பிப்ரவரியில். "ஜூன்லயா டெல்லிக்குப் போறீங்க, வெந்து போயிடுவீங்க" என்று தெருவில் ஒருத்தர் விடாமல் சொல்லிவிட்டார்கள். இந்தத் தேதிகளில்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான். ஜூன் 21 ஆண்டின் மிக நீண்ட பகல், அதை நம் ஊரைவிட நன்றாக வடக்கே தள்ளி ஓர் இடத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று எனக்குப் பல வருட ஆசை.

கிளம்பும் முன் ஒரு வேலை முடித்தேன். அம்மா தையல் தைத்துக்கொண்டிருந்த காலத்து இரும்பு மீட்டர் கோல் ஒன்று பீரோவுக்குப் பின்னால் கிடந்தது. அதை மொட்டை மாடிக்கு எடுத்துப் போய், சாவிக்கொத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, நூலுக்கு நேராகக் கோலை நிறுத்திப் பிடித்தேன். மணி 12.10, சென்னைக்கு உச்சிப்பொழுது அதுதான், கடிகாரப் பன்னிரண்டு அல்ல. அம்மா குனிந்து தையல் சாக்கட்டியால் நிழலின் நுனியில் கோடு போட்டாள். 18 சென்டிமீட்டர். அதுவும் தெற்குப் பக்கமாக.

நிழல் தெற்கே விழுகிறது என்றால் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது. ஏப்ரல் 24 வாக்கில் சென்னையில் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வரும், அன்று மதியம் நிமிர்ந்து நிற்கும் எதற்கும் நிழலே இருக்காது, அப்புறம் வடக்கே தாண்டிப் போய்விட்டு ஆகஸ்ட் 18 வாக்கில் மறுபடி தலைக்கு மேல் வழியாகத் தெற்கே திரும்பும். இடைப்பட்ட நாலு மாதமும் நம் உச்சி நிழல் தெற்கே விழும். இத்தனை வருடம் இதே மாடியில் வடகம் காயவைத்திருக்கிறோம், ஒரு நாளும் கவனித்ததில்லை.

கோலைத் துணியில் சுற்றிப் பெட்டியோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். டெல்லிக்கு வருகிறது.

ஜூன் 18, ரயிலில்

விடியும்போது விஜயவாடா தாண்டியிருந்தது. நேற்றிரவு முதல் நேர் வடக்காகத்தான் போய்க்கொண்டிருக்கிறோம். சென்னை 13 டிகிரி அட்சரேகை, டெல்லி 28.6. ஒரு டிகிரிக்குச் சுமார் 111 கிலோமீட்டர் என்று வையுங்கள். நாக்பூரில் ஜன்னல் கம்பியைத் தொட முடியவில்லை, அம்மா ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இட்டார்சி தாண்டி நர்மதைப் பாலத்தில் வண்டி ஏறியபோது மணி ஏழு ஆகப் போகிறது. அம்மா கைக்கடிகாரத்தை என்னிடம் நீட்டினாள். "நின்னு போச்சா பாருடி. வெயில் இன்னும் தண்ணியில மினுங்குது." கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சென்னையில் அந்நேரம் சூரியன் விழுந்து இருபது நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

இரண்டு காரணம் உண்டு, இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, மேற்கே வந்திருக்கிறோம். நாடு முழுவதற்கும் ஒரே நேரம், அது உத்தரப்பிரதேசத்து மிர்சாபூர் பக்கம் ஓடும் 82.5 டிகிரி தீர்க்கரேகையின் நேரம். அதற்கு மேற்கே போகப்போக ஒவ்வொரு டிகிரிக்கும் சூரியன் நாலு நிமிடம் பிந்தும், ஆனால் காலையும் பிந்தும் மாலையும் பிந்தும், பகலின் நீளம் மாறாது. இன்னொன்று வடக்கே வந்தது. அதுதான் பகலையே இழுத்து நீட்டுகிறது. ஜூன் 21 அன்று கன்னியாகுமரியில் பகல் சுமார் 12 மணி 36 நிமிடம், சென்னையில் 12 மணி 53, டெல்லியில் 13 மணி 58, ஸ்ரீநகரில் 14 மணி 25 நிமிடத்தை ஒட்டி வரும். ஒரே நாடு, ஒரே நாள், குமரிக்கும் காஷ்மீருக்கும் கிட்டத்தட்ட இரண்டு மணி நேர வெளிச்சம் வித்தியாசம்!

போபால் தாண்டி விதிஷா போகும் வழியில் கடக ரேகை. சாலையில் போகிறவர்கள் இறங்கி நின்று படம் எடுத்துக்கொள்ள அங்கே அடையாளம் வைத்திருக்கிறார்கள். நாங்கள் தாண்டும்போது நல்ல இருட்டு. அம்மாவிடம், "இதுக்கு வடக்கே எந்த ஊர்லயும் சூரியன் உச்சந்தலைக்கு நேரா வரவே வராது" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப ஆடி ஒண்ணாந்தேதி தட்சிணாயனம்னு சொல்றோமே, நீ ஜூன் 21ங்கிற?" என்று கேட்டாள். நல்ல கேள்வி, நான் எதிர்பார்க்கவில்லை. பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்து ராசியைக் கணக்கிடுகிறது, பூமியின் அச்சோ பம்பரம் தலையாட்டுவதுபோல மிக மெதுவாக ஆடுகிறது, அதனால் ஒரு காலத்தில் கடக ராசி தொடங்கும்போது தெற்கே திரும்பிய சூரியன் இப்போது ஆனியிலேயே, பஞ்சாங்கப்படி மிதுனத்தில் இருக்கும்போதே திரும்பிவிடுகிறது. பெயர் மட்டும் கடக ரேகை என்று நிலைத்துவிட்டது. ரேகையும் ஓரிடத்தில் நிற்பதில்லை, ஆண்டுக்குப் பதினைந்து மீட்டர் அளவுக்குத் தெற்கே நகர்ந்துகொண்டிருக்கிறது.

ஜூன் 19, டெல்லி

காலை ஆறரைக்குப் புது டெல்லியில் இறங்கியபோது நம் ஊர் எட்டு மணி வெயில். சூரியன் 5.23க்கே வந்தாயிற்றாம். அத்தான் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். "அத்தை, தலையில துண்டைப் போட்டுக்குங்க" என்பதுதான் முதல் வார்த்தை.

அக்கா வீடு ஆர்.கே.புரத்தில், அரசுக் குடியிருப்பில் இரண்டாவது மாடி. நடை தூரத்தில் மலை மந்திர், சுவாமிநாத சுவாமி கோயில். தமிழ்ச் சங்கமும் பக்கம்தான். மாடிப்படியில் ஏறும்போது மூன்று வீட்டில் தமிழ் கேட்டது.

இன்று எழுத வந்தது சாயங்காலத்தைப் பற்றி. ஆறு மணி அடித்தது. அம்மா முகம் கழுவி, நெற்றிக்கு இட்டு, அக்காவின் பூஜை அலமாரிக்கு முன் உட்கார்ந்து காமாட்சி விளக்கை ஏற்றினாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். மேற்கு ஜன்னல் வழியாக வெயில் நேராக அலமாரி மேல் விழுந்துகொண்டிருந்தது, அந்த வெயிலில் சுடர் கண்ணுக்கே தெரியவில்லை. திரி நுனி மட்டும் கறுத்திருந்தது. அதற்கு மேல் காற்று நீர்போல நடுங்கியது, பின்னால் இருந்த முருகன் படத்தின் ஓரம் அதில் நெளிந்தது. அம்மா எரிகிறதா என்று பார்க்க உள்ளங்கையை மேலே காட்டி, சூடு பட்டதும் எடுத்துக்கொண்டாள். அப்புறம் ஒன்றும் பேசாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அக்கா சமையலறையிலிருந்து, "அம்மா, இப்ப ஏத்துனா வெயிலுக்குத்தான் விளக்கு. ஏழேகால், ஏழரை ஆகட்டும்" என்றாள்.

"ஏழரைக்கா? விளக்கு வைக்கிற நேரம்னா ஆறு மணிதானே?"

அக்கா பதில் சொல்லவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. வருடம் முழுக்கப் பார்த்தால் சென்னையில் சூரியன் மறைவது 5.40க்கும் 6.40க்கும் இடையில்தான், மொத்தமே ஒரு மணி நேர ஆட்டம். ஆறு, ஆறேகாலுக்கு விளக்கேற்றினால் கார்த்திகையிலும் சரி ஆனியிலும் சரி, பெரிதாகத் தப்பாது. டெல்லியில் டிசம்பர் தொடக்கத்தில் 5.24க்கு மறைகிற சூரியன் ஜூன் கடைசியில் 7.23க்கு மறைகிறது. இரண்டு மணி நேர ஆட்டம். "ஆறு மணிக்கு விளக்கு" என்பது சாஸ்திரத்தில் இருக்கிறதோ இல்லையோ, நம் அட்சரேகையில் இருக்கிறது. பகலையும் இரவையும் பத்துப் பத்து நாழிகையாக ஆறு சிறுபொழுதாகப் பிரித்தார்களே, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம், வைகறை என்று, அந்தப் பிரிப்பும் பகலிரவு அதிகம் ஏறி இறங்காத ஊரில்தான் இவ்வளவு பொருத்தமாக உட்காரும்.

ஏழரைக்குக் கீழே பையன்கள் இன்னும் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்து தெரிகிறது, அம்மாக்கள் கூப்பிடவும் இல்லை.

ஜூன் 20

ஜந்தர் மந்தர், அந்தக் காலத்து வானாய்வுக்கூடம். காலையிலேயே போயிருக்கலாம், ஆனால் உச்சிப்பொழுதைப் பார்க்காமல் அங்கே போய் என்ன பயன்? போனில் 42 டிகிரி காட்டியது. அம்மா வேண்டாமென்று சொல்லியும் கேட்காமல் வந்து, மர நிழலில் தண்ணீர்ப் பாட்டிலோடு உட்கார்ந்தாள். அனல் காற்று வீசியது, இங்கே லூ என்கிறார்கள். முகத்தில் அடிக்கும்போது அடுப்புக் கதவைத் திறந்த மாதிரி இருக்கிறது, வேர்வை வருவதற்குள் காய்ந்துவிடுகிறது.

ஜெய்ப்பூரை உருவாக்கிய மன்னர் சவாய் ஜெய்சிங் 1724 வாக்கில் கட்டியது. நடுவில் சாம்ராட் யந்திரம், எழுபதடி உயரத்துக்கு ஏறும் சாய்வுச் சுவர், முக்கோணம் மாதிரி. பார்க்கிறவர்கள் பெரிய சறுக்குமரம் என்று நினைத்துப் படம் எடுத்துப் போகிறார்கள். அந்தச் சாய்வு எவ்வளவு தெரியுமா, டெல்லியின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு, 28 டிகிரிக்கு மேல் கொஞ்சம். அப்படிச் சாய்த்தால்தான் சுவரின் விளிம்பு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கும், இரவில் அந்த விளிம்பு வழியே மேலே பார்த்தால் துருவ நட்சத்திரம் இருக்கும் திசை. இரண்டு பக்கமும் வளைந்து கிடக்கும் கல் மேடையில் நிழல் சீராக நகர்ந்து மணி காட்டும். இதே கருவியைச் சென்னையில் கட்டியிருந்தால் வெறும் 13 டிகிரி சாய்வு, இவ்வளவு நீளச் சுவருக்கு உயரம் பாதி கூட இருக்காது. ஜெய்ப்பூரில் அவர் கட்டியதே 27 டிகிரிதான். ஒரு ஊரின் அட்சரேகையை இவ்வளவு பெரிதாகக் கட்டி, தொட்டுப் பார்க்கிற மாதிரி நிறுத்தியிருக்கிறார் அந்த மனிதர். நான் சுவரில் கை வைத்தேன். கொதித்தது. எடுக்க மனசில்லை.

என் கைக்கடிகாரத்தில் 12.22 ஆனபோது டெல்லியின் உச்சிப்பொழுது. டெல்லி 77.2 டிகிரி தீர்க்கரேகை, மிர்சாபூர் ரேகைக்கு மேற்கே ஐந்து டிகிரிக்கு மேல், அந்த 21 நிமிடமும் இந்த வாரத்துக்கு உரிய ஒன்றரை நிமிடச் சிறு திருத்தமும் சேர்ந்தது.

மரத்தடிக்கு வந்ததும் அம்மா கேட்டாள். "நிழல் பார்க்கவா இவ்வளவு பெரிய கட்டடம்?"

"ஆமாம்மா. உன் மீட்டர் கோலையே பெருசாக் கட்டியிருக்காங்க."

வரும் வழியில் சாலையோரம் சரக்கொன்றை இன்னும் பூத்திருந்தது. இந்த அனலில் இவ்வளவு மஞ்சள்.

ஜூன் 21

மீட்டர் கோல் நாள். அக்கா மகள் பன்னிரண்டாவது முடித்திருக்கிறாள், அவளும் நானும் மொட்டை மாடி. கால் வைக்க முடியாது என்பதால் செருப்போடு. 12.23க்கு அவள் நூலைப் பிடிக்க, நான் கோலைப் பிடிக்க, நிழல் எங்கே என்று ஒரு கணம் தேட வேண்டியிருந்தது, அவ்வளவு குட்டை. 9 சென்டிமீட்டர். வடக்கே.

நாலு நாளுக்கு முன் அதே கோலின் நிழல் தெற்கே விழுந்தது. இன்று வடக்கே விழுகிறது. இடையில் கோல் ஒரு ரயில் பயணம் போனது, அவ்வளவுதான், சூரியன் வானத்தில் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் இருக்கிறது. நாங்கள்தான் அதற்கு அடியில் புகுந்து மறுபக்கம் வந்துவிட்டோம். இதைக் கணக்கில் எனக்கு எப்போதோ தெரியும், ஆனாலும் அந்த ஒன்பது சென்டிமீட்டரைப் பார்த்தபோது கண் கலங்கியது என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

டெல்லியில் உச்சி நிழல் தெற்கே விழும் நாளே கிடையாது. இன்று சூரியன் 85 டிகிரி உயரம், இதுதான் அதன் உச்சம். டிசம்பர் 21 அன்று மதியம் 38 டிகிரிதான் ஏறும், இதே கோலுக்கு 128 சென்டிமீட்டர் நிழல் விழும், கோலைவிட நீளம். சென்னையில் அன்று 74 வரும்.

மாடியிலிருந்து இறங்கி மோர் குடித்துக்கொண்டிருக்கும்போது அம்மா, "வடக்கே போகப்போகக் குளிரும்னுதானே சொல்வாங்க, இங்க நம்ம ஊரைவிட எரியுதே" என்றாள். ஜூன் மாதத்தைப் பொறுத்தவரை டெல்லிக்குச் சென்னையைவிட அதிக வெயில் கிடைப்பதுதான் நியாயம். இரண்டு ஊரிலும் சூரியன் ஏறக்குறைய உச்சியில், டெல்லியிலோ ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகக் காய்கிறது. தணிக்கக் கடல் இல்லை, மதியம் திரும்பி வீசும் கடற்காற்று இல்லை. டெல்லியின் சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 1944 மே மாதம் 47.2 டிகிரி போயிருக்கிறது, இதே டெல்லியில் பாலம் விமான நிலையத்தில் 1967 ஜனவரியில் பூஜ்யத்துக்குக் கீழே 2.2. சென்னைக்கு அந்தப் பக்கமே தெரியாது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வெளிச்சம் அட்சரேகை சொன்னபடி கேட்கும், வெப்பம் அப்படிக் கேட்காது. பெங்களூரும் சென்னையும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகை, பகலின் நீளம் இரண்டிலும் நிமிடக் கணக்கில் ஒன்றுதான், ஆனால் பெங்களூர் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே ஜூனில் போர்வை தேடுகிறார்கள். கடல், உயரம், காற்று எல்லாம் வெப்பத்துக்குள் கை வைக்கும். சூரியன் எத்தனை மணிக்கு வரும், எவ்வளவு உயரம் ஏறும் என்பதில் எதுவும் கை வைக்க முடியாது.

அக்கா அப்போதுதான் தன் முதல் டெல்லிக் குளிர்காலத்தைச் சொன்னாள். இத்தனை வருடம் எங்களிடம் சொன்னதே இல்லை. ஜனவரியில் 7.15க்குத்தான் சூரியன், அதுவும் மூடுபனி இருந்தால் பத்து மணி வரை வெறும் வெள்ளை. ஆறரைக்குப் பால் வாங்கப் போனால் நடுராத்திரி மாதிரி இருக்கும், தெருவில் நாய்கூட இருக்காது. "விடிஞ்சதும் உனக்குப் போன் பண்ணலாம்னு உட்கார்ந்திருப்பேன்மா. விடியவே விடியாது." அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் அந்நேரம் கோலம் போட்டு, காபி குடிச்சு முடிச்சிருப்பேன். நீ ஏன் கூப்பிடலைன்னு நினைச்சுக்குவேன்." அத்தான் எழுந்து போய்த் தெற்கு ஜன்னலைத் திறந்து காட்டினார். இப்போது அதில் வெயில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. குளிர்காலத்தில் தாழ்ந்த சூரியன் அதன் வழியாக அறையின் எதிர்ச் சுவர் வரை வருமாம். இரண்டாவது வருடமே அக்காவின் நாற்காலியை அங்கே தூக்கிப் போட்டது அவர்தான்.

மாலை மலை மந்திருக்குப் போனோம். கருங்கல் படி இன்னும் சுட்டது. மேலேயிருந்து பார்த்தால் மேற்கே சூரியன் தூசிக்குள் செம்பு வட்டமாக நிற்கிறது, கண்ணை இடுக்காமல் பார்க்கலாம். நேர் மேற்கில் இல்லை, நன்றாக வடக்கே தள்ளி. நம் ஊரில் சூரியன் கிணற்றுக்குள் வாளி விடுவதுபோல இறங்கும், சட்டென்று காணாமல் போகும். இங்கே தெப்பக்குளத்துப் படியில் வயதானவர்கள் இறங்குவதுபோலச் சாய்வாக, பக்கவாட்டில் நடந்து நடந்து இறங்குகிறது. வேகம் ஒன்றுதான், மணிக்கு 15 டிகிரி. பாதை சாய்ந்திருப்பதால் அதே ஆழத்துக்குப் போக அதிக நேரம் ஆகிறது. அதனால்தான் கருக்கலும் நீள்கிறது. சூரியன் மறைந்த பிறகு 6 டிகிரி கீழே போகும் வரை விளக்கில்லாமல் படிக்கலாம் என்பார்கள், அது சென்னையில் 23 நிமிடம், கிட்டத்தட்ட ஒரு நாழிகை. இங்கே 27. வானம் முழுசாகக் கறுக்க 18 டிகிரி போக வேண்டும், சென்னையில் அதற்கு 79 நிமிடம், இங்கே 94. லண்டனில் இதே நாளில் சூரியன் 15 டிகிரிக்குக் கீழே போவதே இல்லை, ராத்திரி முழுக்க வடக்கே ஒரு சாயல் வெளிச்சம் இருந்துகொண்டே இருக்கும்.

அக்கா மகள் பிரசாதம் கட்டிக் கொடுத்த செய்தித்தாளைப் பிரித்து வைத்துப் படித்துக்கொண்டே வந்தாள். 7.22க்குச் சூரியன் மறைந்தது, 7.47 வரை படித்தாள். அப்புறம் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன என்றாள்.

ஜூன் 22, திங்கள்

மகளின் கல்லூரி வேலையாக அக்காவும் அவளும் காலையில் கிளம்ப வேண்டும். அம்மா, "திங்கக்கிழமை, ஏழரைக்கு ஒன்பது ராகு காலம், ஒன்பதுக்கு மேல போங்க" என்றாள். அத்தான் சிரிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. "அத்தை, இங்க எட்டு அம்பத்தஞ்சுக்கே முடிஞ்சுரும், ஆனா ஏழு பத்துக்கே ஆரம்பிச்சுரும்" என்றார். அவர் சொல்வது சரியான கணக்கு. ராகு காலம் என்பது பகலை எட்டாகப் பிரித்ததில் ஒரு பங்கு, திங்களன்று இரண்டாவது பங்கு. ஆறுக்கு ஆறு பகல் என்று வைத்தால்தான் ஒரு பங்கு ஒன்றரை மணி. டெல்லியின் இன்றைய பகலை எட்டால் வகுத்தால் ஒரு பங்கு 1 மணி 45 நிமிடம். டிசம்பரில் 1 மணி 17 நிமிடம்தான். சென்னையில் இருந்துகொண்டு ஏழரை ஒன்பது என்று மனப்பாடமாகச் சொல்லலாம், இங்கே இருக்கிறவர்கள் பஞ்சாங்கத்தைப் புரட்ட வேண்டும். அம்மா கவனமாகக் கேட்டுக்கொண்டாள். அக்காவும் மகளும் ஒன்பதுக்குக் கிளம்பினார்கள்.

சாயங்காலம் அம்மா ஆறு மணிக்கு முகம் கழுவவில்லை. திரியை மட்டும் திரித்து எண்ணெயில் போட்டுவைத்துவிட்டு, பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். எதிர் வேப்பமரத்துக்குக் கிளிகள் கூட்டம் கூட்டமாக வந்து சேர்ந்தன. "நீ எப்படிடி நேரம் பார்ப்ப?" என்று அக்காவிடம் கேட்டாள்.

"இந்தக் கிளிங்க சத்தம் அடங்கும். அப்ப ஏத்துவேன். டிசம்பர்லயும் அதேதான்."

சத்தம் அடங்க ஏழு இருபத்தைந்து ஆனது. அம்மா எழுந்து போய் விளக்கேற்றினாள். இந்த முறை சுடர் தெரிந்தது.